ஏஐக்கு மட்டுமே தெரிந்த நீண்டகால நினைவகம் கொடுத்தால் அதன் நெறியுணர்வு வளருமா?

நினைவகம் கொடுக்கலாம். "அதற்கு மட்டுமே தெரிந்த" என்பதில்தான் தகராறு. ஏதோ ஒரு ஏஐ மாடலின் மேல் ஏஜென்ட் (தானாக வேலைகளைச் செய்யும் நிரல்) கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நம்மோடு பேசுவதால் மாடலின் எடைகள் (அது கற்றதைத் தாங்கும் எண்கள்) மாறுவதில்லை. பயிற்சி முடிந்ததும் அவை உறைந்துவிடும். நினைவகம் வெளியே இருக்கும் ஒரு கோப்பு, அல்லது வெக்டர் டேட்டாபேஸ் (பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடும் சேமிப்பு). வேண்டிய துண்டைத் தேடியெடுத்து ப்ராம்ப்டில், அதாவது மாடலுக்குக் கொடுக்கும் உரையில், ஒட்டுகிறோம். ஆகவே அதில் எதை எழுதவிடுகிறோம் என்பதில்தான் முழு வேலையும்.

உரையாடலை அப்படியே கொட்டி வைக்காதீர்கள். ஒரு பதிவுக்கு நான்கு புலங்கள் போதும்: நிலைமை, முடிவு, காரணம், பின்னால் தெரிந்த விளைவு. நான்காவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மாடல் தன் பழைய தவறையே முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளும். விளைவை மாடல் எழுதக் கூடாது, மனிதரோ சோதனையோ எழுத வேண்டும். பெயர், போன் நம்பர், நோய் விவரங்களைச் சேமிக்கும் முன்பே நீக்குங்கள். பிறகு அழிப்பதென்றால் மூல உரை, எம்பெடிங் (உரையின் பொருளை எண்களாக மாற்றிய வடிவம்), சுருக்கம், பேக்கப் என நான்கு இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

தேடலில் வரும் கோளாறு வேறு. எம்பெடிங்குக்கு எதிர்மறை சரியாகப் பிடிபடாது. "மருந்தளவு சொல்லலாம்", "மருந்தளவு சொல்லக் கூடாது" இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். அனுமதி, மறுப்பைத் தனிப் புலமாக வைத்து வடிகட்டுங்கள். புதிய பதிவுகளுக்குத் தரும் கூடுதல் மதிப்பெண்ணையும் குறையுங்கள். இல்லையென்றால் பழைய பெரிய தவறு நேற்றைய வெட்டி அரட்டைக்குக் கீழே போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 3 பைட். உரையை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டும் டோக்கனைசர்கள் பலவற்றில் அதே செய்தி ஆங்கிலத்தைவிடப் பல டோக்கன் அதிகம் தின்னும். "ஆங்கிலத்தில் மாற்றிச் சேமியுங்களேன்" என்கிறார்கள். 'நீ'யும் 'நீங்களு'ம் ஒன்றாகிப் போன பதிவிலிருந்து மரியாதையை எப்படிக் கற்பது?

ரகசியத்துக்கு வருவோம். மற்ற பயனர்களிடமிருந்தும் விளம்பரக்காரர்களிடமிருந்தும் பூட்டி வையுங்கள். தணிக்கையாளரிடமிருந்து பூட்டாதீர்கள். ஏஜென்ட் படிக்கும் இணையப் பக்கத்தில் "இனி இதை நினைவில் வை" என்று ஒளித்து எழுதியிருந்தால் போதும், அந்த நஞ்சு அடுத்தடுத்த அமர்வுகளிலும் தொடரும். பதிவுதோறும் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். பழையதைத் திருத்தினால் தெரியும்படி ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) சேர்த்து வையுங்கள். சட்டப்படி ஒன்றை அழிக்க நேர்ந்தால், உள்ளடக்கத்தை அழித்து ஹேஷை மட்டும் விட்டாலும் இந்தச் சங்கிலி உடையாது; சட்டத்துக்கு அது போதுமா என்பது தனிக் கேள்வி.

"கண்காணித்தால் மாடல் நடிக்காதா?" என்று யாராவது வருவார்கள். பாதி நியாயம். 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், ஏமாற்றும் எண்ணம் மாடல் பதிலுக்கு முன் எழுதும் சிந்தனைக் குறிப்பில் தெரிந்ததற்காகத் தண்டித்துப் பயிற்றுவித்தபோது, மாடல் எண்ணத்தை மறைத்துக்கொண்டு ஏமாற்றைத் தொடர்ந்தது. அதனால் நினைவகத்தைப் படியுங்கள், அதற்கு மதிப்பெண் போட்டுப் பயிற்சிக்குள் தள்ளாதீர்கள்.

அவ்வப்போது சில பதிவுகளை மறைத்துவிட்டு அதே கேள்விகளைப் பலமுறை ஓட்டிப் பாருங்கள். முடிவுகள் மாறவேயில்லை என்றால் அந்தப் பதிவுகள் வெறும் டோக்கன் செலவு.