பால் மறந்த குட்டிகளின் கழிச்சலும் ‘செரிமான ஹார்மோன்’ பவுடரும்

கேள்வி: வணக்கம் ஐயா. 14 தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறேன். குட்டிகளை 28-ஆம் நாளில் தாயிடமிருந்து பிரிக்கிறேன். பிரித்த நான்காம் நாளிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீராகக் கழிகின்றன. கழிச்சலில் மக்காச்சோளத் துணுக்கு அப்படியே வருகிறது. இந்த முறை 46 குட்டிகளில் 3 இறந்துவிட்டன. தீவன வியாபாரி, “குட்டிகளுக்கு இரைப்பையில் ஹார்மோன் சுரக்கவில்லை, இந்தச் செரிமான ஹார்மோன் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்” என்கிறார். எலும்பு உறுதிக்காக 100 கிலோ தீவனத்துக்கு 1 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் தனியாகச் சேர்க்கிறேன். காலை, மாலை இரண்டு வேளையும் தொட்டி நிறையத் தீவனம் வைக்கிறேன். பவுடரை ஒரு குட்டிக்கு எத்தனை கிராம் கொடுக்கலாம்?

பதில்: ஒரு கிராம்கூட வேண்டாம். அதற்குக் காரணம் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் பவுடரைவிட முக்கியமானவை கடைசியில் போகிறபோக்கில் எழுதிய இரண்டு செய்திகள்: சுண்ணாம்புக்கல் தூள், இரண்டு வேளைத் தீவனம்.

அதற்கு முன் இன்றைய வேலை. பிரித்த முதல் வாரத்தில் வரும் தண்ணீர்க் கழிச்சலில் ஈ.கோலை கிருமிக்குப் பெரும் பங்கு உண்டு. மூன்று குட்டி போனபிறகும் காத்திருக்காதீர்கள். கால்நடை மருத்துவரை வரவழைத்து, கழிச்சல் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்று பார்த்த பிறகு ஊசி போடச் சொல்லுங்கள். அதுவரை குளுக்கோஸும் உப்பும் கலந்த தண்ணீர் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். கழிச்சலின்போதுகூட குளுக்கோஸ் உப்பைத் தன்னோடு சேர்த்துக் குடலிலிருந்து உடம்புக்குள் இழுத்துச் செல்லும், பின்னாலேயே தண்ணீரும் போகும். படுக்கும் இடம் 28 டிகிரிக்குக் குறையாமல், காற்று நேரடியாக அடிக்காமல் இருக்க வேண்டும். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்தால் குளிர்கிறது என்று அர்த்தம்.

சரி, ஹார்மோனுக்கு வருவோம். அந்த வியாபாரி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. செரிமானத்தை ஹார்மோன்கள் நடத்துகின்றன என்பது உண்மை. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்கள் குட்டிக்கு என்ன குறை என்பதும் விளங்கும்.

1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் சிறுகுடலில் சோதனை செய்தார்கள். இரைப்பையிலிருந்து அமிலம் சிறுகுடலுக்குள் இறங்கினால் கணையம் செரிமான நீரைச் சுரக்கும் என்பது அப்போதே தெரியும். நரம்பு வழியாகத்தான் கணையத்துக்குச் செய்தி போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். இவர்கள் குடலின் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு அதற்குள் அமிலத்தை விட்டார்கள். அப்படியும் கணையம் சுரந்தது. பிறகு குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை ரத்தக் குழாயில் செலுத்தினார்கள். மறுபடியும் கணையம் சுரந்தது. செய்தி ரத்தத்தில் போகிறது என்பது நிரூபணமானது. அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். ‘ஹார்மோன்’ என்ற சொல்லையே ஸ்டார்லிங் 1905-இல்தான் பயன்படுத்தத் தொடங்கினார்.

அதே 1905-இல் எட்கின்ஸ் என்பவர் இரைப்பையின் கீழ்ப்பகுதிச் சவ்வில் அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் ஒரு பொருள் இருப்பதாகச் சொன்னார். அதுதான் காஸ்ட்ரின். பல பத்தாண்டுகள் அவரைப் பலர் நம்பவில்லை, அது உடம்பில் பல இடங்களில் இருக்கும், அமிலத்தைச் சுரக்க வைக்கும் ஹிஸ்டமின் என்ற வேறு பொருள்தான் என்றார்கள். 1964-இல் லிவர்பூலில் கிரிகரியும் டிரேசியும் காஸ்ட்ரினைத் தனியாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான் வாதம் ஓய்ந்தது. எதிலிருந்து பிரித்தார்கள் தெரியுமா? பன்றியின் இரைப்பையிலிருந்து. செக்ரெட்டினையும், பித்தப்பையைச் சுருங்க வைக்கும் கோலிசிஸ்டோகைனினையும் ஸ்வீடனில் யோர்பெஸ், முட் இருவரும் பிரித்தெடுத்ததும் பன்றிக் குடலிலிருந்துதான். நீங்கள் வளர்க்கும் விலங்குதான் இந்த அறிவியலுக்கே மூலப்பொருள் கொடுத்திருக்கிறது.

இப்போது பவுடருக்கு வாருங்கள். காஸ்ட்ரின் 17 அமினோ அமிலங்கள் கோத்த சரம். செக்ரெட்டினில் 27. புரதத் துண்டுகள்தான் இவை. வாய் வழியாகக் கொடுத்தால் சோயாவை எப்படிச் செரிக்குமோ அப்படியே குடல் இவற்றையும் வெட்டிச் செரித்துவிடும். சவ்விலிருந்து நேராக ரத்தத்தில் கலந்தால்தான் இவற்றுக்கு வேலை. ஆகவே அந்தப் பையில் உண்மையிலேயே ஹார்மோன் இருந்தாலும் பயனில்லை, இல்லாவிட்டால் பொய். எப்படிப் பார்த்தாலும் அது உங்களை ஏமாற்றும் சரக்கு. பையின் பின்பக்கம் என்ன பொருள், எத்தனை சதவீதம் என்று அச்சிடாத எதையும் குட்டித் தொட்டியில் போடாதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: குட்டியின் சொந்த ஹார்மோன் ஏன் வேலை செய்யவில்லை?

பேலிஸ், ஸ்டார்லிங் சோதனையைத் திரும்பப் பாருங்கள். கணையத்தை எழுப்பியது குடலுக்குள் இறங்கிய அமிலம். சிறுகுடலின் தொடக்கத்தில் பிஎச் (புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறக்குறைய 4.5-க்குக் கீழே இறங்கினால்தான் செக்ரெட்டின் நன்றாக வெளிப்படும். இரைப்பையில் புளிப்பு இல்லையென்றால் அந்த அழைப்பு போகாது. புரதத்தை வெட்டும் பெப்சினும் புளிப்பில்தான் விழிக்கும். ஈ.கோலையைத் தடுத்து நிறுத்துவதும் அந்தப் புளிப்புதான்.

பால் குடிக்கும் குட்டியின் இரைப்பை தானாகச் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குறைவு. பாலில் உள்ள லாக்டோஸைப் பால்புளிப்பு நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலமாக மாற்றுவதால்தான் அதன் வயிறு புளிப்பாக இருக்கிறது. 28-ஆம் நாள் நீங்கள் பாலை நிறுத்துகிறீர்கள். லாக்டிக் அமிலம் நின்றுவிட்டது, சொந்த அமிலம் இன்னும் முழுதாக வரவில்லை. பிஎச் 5-ஐத் தாண்டிவிடுகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து நீங்கள் சுண்ணாம்பைக் கொட்டுகிறீர்கள்.

இந்தச் சுண்ணாம்பு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். குட்டித் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் தூளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் உயரம் வினிகர் ஊற்றி, உங்கள் தூளில் ஒரு சிட்டிகை போடுங்கள். ‘சுர்’ என்று நுரை எழும்பும். நுரை அடங்கியதும் இன்னொரு சிட்டிகை. இப்படிப் போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நுரை நின்று, தூள் அடியில் தங்கும். மூக்கில் ஏறிய புளிப்பு நெடியும் மங்கிவிட்டிருக்கும். குட்டியின் வயிற்றில் நடப்பதும் இதுதான்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 1 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் ஏறத்தாழ 0.73 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விழுங்கிவிடும். நீங்கள் கிலோவுக்கு 10 கிராம் சேர்க்கிறீர்கள், அது 7.3 கிராம் அமிலத்துக்குச் சமம். நன்கு வளர்ந்த இரைப்பை முழு வேகத்தில் சுரக்கும் நீரில்கூட லிட்டருக்கு 6 கிராமுக்குள்தான் அந்த அமிலம் இருக்கும். உங்கள் ஒரு கிலோ தீவனத்துக்குள் போகும் சுண்ணாம்பு மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் இரைப்பை நீரை வீணாக்குகிறது. பாதி வளர்ந்த வயிற்றோடு குட்டி அதற்கு எங்கே போகும்?

ஒருமுறை ஒரு பண்ணையில், பிரித்த நான்காம் நாள் கண்ணெதிரே இறந்த குட்டியை உடனே அறுத்துப் பார்த்தேன். இரைப்பை நிறையப் பிசைந்த மாவு மாதிரி தீவனம். வெளிப்புறம் ஈரம், விரலால் பிளந்தால் நடுவில் உலர்ந்த கட்டி. பால் குட்டி வயிற்றில் வரும் புளித்த தயிர் வாசனை துளியும் இல்லை. பிஎச் தாளை அந்தக் கட்டிக்குள் செருகினேன். சிவக்க வேண்டிய தாள் மஞ்சளிலேயே நின்றது. அந்தத் தொட்டியிலும் சுண்ணாம்பு, அங்கேயும் இரண்டு வேளைத் தீவனம்.

எலும்புக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிரித்த பின் முதல் 10 முதல் 14 நாள் வரை சுண்ணாம்பைக் குறைப்பதால் எலும்பு வளைந்துவிடாது. தீவனத்தில் ஃபைட்டேஸ் நொதி இருந்தால் தானியத்துக்குள் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸும் கால்சியமும் விடுபடும். கால்சியம் வேண்டுமென்றால் கால்சியம் ஃபார்மேட் வடிவில் கொடுங்கள், அது புளிப்பைச் சுண்ணாம்பு போலத் தின்னாது. இரண்டு வாரம் கழித்து, குட்டிக்குத் தேவையான கால்சியம் அளவுக்குத் திரும்பலாம். நீங்கள் தனியாகச் சேர்க்கும் 1 கிலோ அப்போதும் பெரும்பாலும் தேவைப்படாது. வாங்கும் தீவனத்தில் ஏற்கெனவே கால்சியம் இருக்கிறது.

அப்புறம், அமிலப் பவுடர் விற்பவர்களும் வருவார்கள். ஃபார்மிக், சிட்ரிக், ஃபியூமரிக் அமிலங்கள் பால் மறந்த குட்டிக்கு உதவும் என்பது உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு நிறைந்த தீவனத்தோடு அதையும் சேர்த்து விற்பவர் உங்களிடம் ஒரே பணத்தை இருமுறை வாங்குகிறார். முதலில் சுண்ணாம்பை எடுங்கள், தேவையென்றால் பிறகு அமிலம். துத்தநாக ஆக்சைடை அதிக அளவில் கலக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். அது கழிச்சலை நிறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் சாணத்தோடு நிலத்தில் சேர்ந்து தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அந்த மருந்தளவை நிறுத்திவிட்டது.

இரண்டு வேளைத் தீவனத்தை நாளைக்கே மாற்றுங்கள். பசியோடு நிற்கும் குட்டி ஒரே மூச்சில் விழுங்கும், அமிலம் அந்தக் கட்டிக்குள் ஊறுமுன் கட்டி குடலுக்கு நழுவும். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு ஏழு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்தில் தொட்டி காலியாகும் அளவு. முடிந்தால் வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்து வையுங்கள், மீந்ததைக் கழுவிக் கொட்டிவிடுங்கள். மக்காச்சோளத்தை மாவாக அரைக்கவும் வேண்டாம். மிக நைசான தீவனம் பன்றிக்கு இரைப்பைப் புண்ணை வரவழைக்கும்.

அடுத்த ஈற்றில் 10-ஆம் நாளிலிருந்தே குட்டித் தீவனத்தைத் தாய்க்கு எட்டாத மூலையில் கைப்பிடி அளவு தூவுங்கள். அமிலத்தைச் சுரக்கச் சொல்வதோடு, சுரக்கும் சவ்வை வளர்ப்பதும் காஸ்ட்ரினின் வேலை. பால் குடிக்கும்போதே கொஞ்சம் தீவனம் கடித்த குட்டியின் இரைப்பை, பிரியும் நாளில் அதிக அமிலம் சுரக்கும் வலிமையோடு இருக்கும்.

கழிச்சல் மாதிரியின் முடிவு வந்ததும், தீவனப் பையில் அச்சிட்டிருக்கும் கால்சியம் சதவீதத்தையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். இரண்டையும் பார்த்துத்தான் இரண்டு வாரத்துக்குப் பிறகு சுண்ணாம்பு வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு என்று சொல்ல முடியும்.