மே மாதத்தில் பொழிமுக மணல்திட்டில் கூடாரம் அடிக்கலாமா?

கேள்வி: நாங்கள் குழித்துறையில் வசிக்கிறோம். மே மாத விடுமுறையில் மனைவி, ஒன்பதும் ஆறும் வயதான இரண்டு குழந்தைகள், மச்சான் குடும்பம் எல்லோருமாகப் பூவாரில் நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகத்து மணல்திட்டில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க விரும்புகிறோம். கூடாரங்களும் வாங்கியாகிவிட்டது. ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும் நேரத்தைப் பார்த்து இடம் தேர்ந்தால் போதுமா? மணலில் கூடார முளை நிற்குமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பதில்: அந்த மணல்திட்டு வேண்டாம், மே மாதமும் வேண்டாம். குழந்தைகளோடு போகிறீர்கள் என்பதால் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளிவைத்து, திட்டை விட்டு அகலமான மேட்டுக் கரைக்கு மாறினால், உங்கள் திட்டத்தில் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஓதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்துக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அட்டவணையைப் பார்த்து இடம் பிடிப்பவர்கள் அதனாலேயே ஏமாந்துபோகிறார்கள். இங்கே படுத்திருப்பவர்களை நனைப்பது பெரும்பாலும் கள்ளக்கடல். தெற்கு இந்தியப் பெருங்கடலின் கோடியில் வீசும் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து கேரளக் கரையையும் குமரிக் கரையையும் தொடுகின்றன. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 15 விநாடிக்கு மேல் இருக்கும். ஆழ்கடலில் அவை கண்ணுக்கே தெரியாது. கரையை நெருங்கியதும் எழும்பி, வழக்கமான அலை எட்டாத தூரத்துக்கு மணலில் ஏறிவிடும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் நிறைய நட்சத்திரங்கள் இருக்கும் இரவிலும் அது வரும். உயர் ஓதமும் அதோடு சேர்ந்துகொண்டால் வீடுகளுக்குள்ளேயே நீர் புகும்.

இதற்குரிய காலம் குறிப்பாக ஏப்ரலும் மே மாதமும். 2024 மார்ச் 31 அன்று தெற்குத் திருவனந்தபுரம் கரையோர ஊர்களில் கடல் ஏறியது. அதே ஆண்டு மே 6 அன்று குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. மலையாளச் செய்திகளிலும் உடனே வந்துவிடும். எந்த மாதமானாலும் புறப்படும் நாள் காலையில் அதைப் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள், குழந்தைகள் எவ்வளவு அழுதாலும்.

பொழிமுகத்துத் திட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெய்யாறு. அகத்தியமலைப் பக்கம் கோடை மழை கொட்டினால், கரையில் ஒரு துளி விழாமலேயே ஆற்றில் நீர் ஏறும். பொழி உடைத்துக்கொண்டு பாயும்போது திட்டின் மணல் கரைந்து போகும். இருட்டில், படகுக்காரரும் போய்விட்ட பிறகு, அங்கிருந்து வெளியேற உங்களுக்கு வழியே இருக்காது. பகலில் படகில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், அழகான இடம்தான்.

அப்படியானால் எங்கே அடிப்பது? இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் மணலைப் படியுங்கள். ஓலை, தேங்காய் மட்டை, வலைத்துண்டு, பிளாஸ்டிக் எல்லாம் கோடுகோடாக ஒதுங்கிக் கிடக்கும். நீருக்கு அருகில் இருக்கும் கோடு இன்றைய அலை விட்டுச்சென்றது. அதைப் பார்த்துத்தான் பலரும் கூடாரம் அடிக்கிறார்கள். நீங்கள் தேட வேண்டியது மிக உயரத்தில், வெயிலில் வெளுத்துக் கிடக்கும் பழைய கோடு. அதற்கும் மேலே அடம்புக்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் அடர்ந்து படர்ந்திருந்தால், அங்கே அலை அடிக்கடி வருவதில்லை என்று பொருள். கொடிகளுக்கும் பின்னால் அடியுங்கள், கொடிகளின் மேல் அல்ல. மணலைப் பிடித்து நிறுத்துவதே அவைதான். மணல் கத்தியால் வெட்டினாற்போல் செங்குத்தாக நின்றால் கடல் அந்தக் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது; அங்கே நிற்கவே வேண்டாம். நீரோடி, பொழியூர்ப் பக்கம் கடல் அரிப்பு வீடுகளையே கொண்டுபோயிருக்கிறது. அங்கே கருங்கல் சுவருக்குப் பின்னால் படுப்பதும் பாதுகாப்பல்ல, அலை சுவரைத் தாண்டி விழும். சரி, தென்னந்தோப்புக்குள் போய்விடலாமே என்று தோன்றும். காய்த்த தென்னை மரத்தடியில் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள். சவுக்குத் தோப்பின் ஓரம் நல்லது.

முளை விஷயத்துக்கு வருகிறேன். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் உலர்ந்த மணலில் நிற்காது. காலி அரிசிப் பைகள் எட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் பாதிவரை மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, கூடாரக் கயிற்றை அதனோடு இணையுங்கள். மேலே போட்ட மணலை நீர் தெளித்து மிதித்துவிட்டால் நன்றாகப் பிடிக்கும். மாலையில் காற்று கடலிலிருந்து வரும், நள்ளிரவுக்குப் பிறகு நிலத்திலிருந்து திரும்பும். ஆகவே நான்கு பக்கமும் கட்ட வேண்டும். குறுகிய பக்கம் கடலை நோக்கியும், வாசல் பக்கவாட்டிலும் இருக்கட்டும். நிலக்காற்றோடு காயல் பக்கத்துக் கொசுவும் வரும் என்பதால் வலை கிழியாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். அடுப்பை எக்காரணம் கொண்டும் கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அனுமதியைப் பொறுத்தவரை, காவல் நிலையத்துக்கு முன்பாக ஊரைக் கேளுங்கள். நம் கடலோர மீனவ ஊர்களில் பல இடங்களில் தேவாலயப் பங்குப் பேரவையின் சொல்லுக்குத்தான் மதிப்பு. அந்த மணல் அவர்களுக்குத் தொழில் செய்யும் இடம். விடியுமுன் வள்ளம் இறங்கும், கரமடி வலையைக் கரையிலிருந்து இழுப்பார்கள். எந்த இடம் அவர்களுக்கு வேண்டாம் என்பதைக் கேட்டு அங்கே அடித்தால் மரியாதையாகவும் இருக்கும், கடலைப் பற்றி அன்றைக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையும் கிடைக்கும். ‘இன்றைக்குக் கடல் சரியில்லை’ என்று ஒரு மூத்த மீனவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள். பிறகு அருகிலுள்ள கடலோரக் காவல் நிலையத்தில் பெயர், வண்டி எண், தங்கும் இடம் மூன்றையும் எழுதிக்கொடுங்கள். அவசரத்துக்கு 112, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் 1554.

டிசம்பரைத் தேர்ந்தெடுக்கலாமே என்று கேட்பீர்கள். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் திடீரென்று வலுத்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூவார் ஊர்களில் இன்றும் அந்த இழப்பு ஆறவில்லை. வடகிழக்குப் பருவமழை முற்றிலும் ஓய்ந்த பின் போவதே நல்லது.

விடுமுறை மே மாதத்தில்தான் கிடைக்கும் என்றால் கட்டணம் வாங்கும் முகாம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வர்க்கலைப் பக்கம் செம்பாறைக் குன்றின் மேல் தங்கினால் அலை எட்டாது. ஆனால் அந்தப் பாறை விளிம்பு சரியும் தன்மையுடையது, கூடாரம் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறதா என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். ஓடி நுழையக் கான்கிரீட் கட்டடம் உண்டா என்பதையும் கேளுங்கள். மே மாத மாலைகளில் இங்கே இடியும் மின்னலும் வழக்கம், துணிக் கூடாரம் மின்னலைத் தடுக்காது. முதல் இடி கேட்டவுடன் குழந்தைகளைக் கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ கொண்டுபோய், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே வெளியே விடுங்கள்.