8 வருடப் பழைய சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது. எப்போது மாற்ற வேண்டும்?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது: 40 பேர் வேலை செய்யும் மொத்த வியாபாரம். 2017-ல் வாங்கிய ஒரே சர்வர். கணக்கு, பில்லிங், ஸ்டாக் எல்லாம் அதில்தான். உங்கள் கணக்கர் "ஓடுகிற வரை ஓடட்டும்" என்கிறார், விற்க வருபவர் "உடனே மாற்றுங்கள்" என்கிறார். இரண்டு பேச்சையும் நான் வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

2019-ல் எங்களுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011-ல் வாங்கிய சர்வர் அது. நான்கு டிஸ்க், ரெய்டு 5, அதாவது தகவலை எல்லா டிஸ்க்குகளிலும் பிரித்து எழுதும் முறை. ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் என்ற தைரியத்தில் இருந்தோம். ஒன்று போயும் விட்டது. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது, ஆனால் அந்த அறைப் பக்கம் மூன்று வாரமாக யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. கண்டுபிடித்துப் புது டிஸ்கைச் செருகினேன். பழைய தகவலைத் திரும்பக் கட்டும்போது மீதி மூன்று டிஸ்க்குகளும் இரவு முழுக்க முழு வேகத்தில் படிக்கப்பட வேண்டும். எட்டு வருடம் ஓடிய டிஸ்க்குகள். விடிவதற்குள் இரண்டாவது போனது, அதோடு எல்லாமே போனது.

அன்று மாதக் கடைசி. நூல் ஏற்றிய மூன்று லாரிகள் கேட்டில் நிற்கின்றன, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் போட இன்வாய்ஸ் இல்லை. சர்வர் மூடியைத் திறந்தால் ஃபேன்களிலும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கிலும் பஞ்சுத் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. விரலால் தூக்கினால் ஒரே தகடாக வந்தது. அந்த மாடலுக்கான டிஸ்க் கடைகளில் வருவது நின்று வெகு நாளாகியிருந்தது. கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் பழைய டிஸ்க்குகள் கிடைத்தன. இரவுப் பேருந்தில் பார்சல் போடச் சொல்லி, விடியற்காலை ஐந்து மணிக்குக் காந்திபுரத்தில் வாங்கி வந்தேன். அப்புறம் பேக்கப்பை எடுத்துப் பார்த்தால், கடைசியாகச் சரியாக எழுதப்பட்டது 11 நாளுக்கு முன்பு. அந்த 11 நாள் பில்களையும் அக்கவுண்ட்ஸில் இருந்த பெண்கள் காகிதத்தைப் பார்த்துத் திரும்ப அடித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அதனால் வயதை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை. உங்கள் வியாபாரம் எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும் என்று முதலில் முதலாளியிடம் கேளுங்கள். அவர் "அரை நாள்" என்பார். அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தச் சர்வர் இல்லை என்றே வைத்துக்கொண்டு, பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றிப் பாருங்கள். வாட்சில் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். 30 மணி நேரம் ஆகிறது என்றால், அல்லது ஏறவே இல்லை என்றால், சர்வருக்கு 3 வயதானாலும் 10 வயதானாலும் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். ஏறிவிட்டால் நிதானமாகத் திட்டமிட உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

பிறகு உதிரி பாகம். இன்று பவர் சப்ளை போனால் நாளை கையில் கிடைக்குமா என்று ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னும் அவசரமானது விண்டோஸ். 2017-ல் வாங்கியதென்றால் அநேகமாக விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 அல்லது 2016 இருக்கும். 2012 ஆர்2-வுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10-ஓடு நின்றுவிட்டன. காசு கொடுத்து நீட்டித்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான். 2016 என்றால் 2027 ஜனவரி 12 வரை. அந்தத் தேதிக்கு மேல் எல்லாக் கணக்கும் இருக்கும் மெஷினை நெட்டோடு இணைத்து வைப்பது, கதவைத் தாழ் போடாமல் ஊருக்குப் போவது போலத்தான். ரான்சம்வேர் வந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் பயனில்லை.

கூகுள் 2023-ல் தன் சர்வர்களின் ஆயுளை 4 வருடத்திலிருந்து 6 ஆக்கியது, அப்படியிருக்க நாம் ஏன் அவசரப்பட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அமேசானும் 2024-ல் 6 வருடம் ஆக்கி, 2025-ல் ஒரு பகுதிச் சர்வர்களுக்கு மட்டும் திரும்ப 5 என்று குறைத்தது. இதெல்லாம் தேய்மானக் கணக்கு. அவர்களிடம் ஒரு மெஷின் படுத்தால் பக்கத்து மெஷின் வேலையை எடுத்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பதே ஒன்றுதான்.

நம் ஊர்க் கணக்கும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது. கம்பெனிச் சட்டம் சர்வருக்கு 6 வருடம் என்கிறது. வருமான வரியில் வருடத்துக்கு 40 சதவீதத் தேய்மானம், அதாவது 3 லட்சத்துக்கு வாங்கியது 5 வருடத்தில் 23,328 ரூபாயாகிவிடும். கணக்கருக்கு இதைக் காட்டுங்கள், பேச்சு சுலபமாகும்.

கரண்ட் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அதற்காக மட்டும் மாற்றாதீர்கள். 100 வாட் குறைந்தால் வருடத்துக்கு 876 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 8,760 ரூபாய்தான், ஏசி செலவைச் சேர்த்தாலும் புதுச் சர்வரின் விலை வராது. "ஸ்லோவாக இருக்கிறது" என்பதும் தனியாக ஒரு காரணம் ஆகாது. எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸில் புதிதாக வாங்க கொட்டேஷன் வரை போய்விட்டார்கள். பார்த்தால் டிஸ்க்குகளை நடத்தும் ரெய்டு கார்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்திருந்தது. அது செத்தால் கார்டு தன் கேஷை (தற்காலிக நினைவகத்தை) நம்பாமல் ஒவ்வொன்றையும் நேரே டிஸ்கில் எழுத ஆரம்பிக்கும், எல்லாமே ஊர்ந்து போகும். பேட்டரியை மாற்றினார்கள், பழைய வேகம் வந்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 2019-லேயே நாங்கள் வாங்கிய புதுச் சர்வருக்கு 5 வருட வாரண்டி 2024-ல் முடிந்தது. முதலாளியிடம் போனேன். "ஓடிட்டுத்தானே இருக்குது, அப்புறம் என்ன?" என்றார். "அண்ணா, ஸ்பின்னிங்ல டிராவலரை நூல் அறுந்த பிறகா மாத்தறோம்? நாள் குறிச்சுத்தானுங்களே மாத்தறோம்" என்றேன். டிராவலர் என்பது நூற்பு மெஷினில் நூலைச் சுற்றிவிடும், தேய்ந்துபோகும் சின்ன உலோகத் துண்டு. ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். மில்லில் பிறந்து வளர்ந்தவர், அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடம் பாகங்களோடு ஏஎம்சி நீட்டித்து, அதன் பிறகு புதியது வாங்கினோம். பழையதை விற்கவில்லை. பேக்கப்பை ஏற்றிப் பார்ப்பதற்கும் அவசரத்துக்கும் அதே அறையில் நிற்கிறது. அறைக்கும் இப்போது ஃபில்டர் போட்டாயிற்று.

உங்கள் சர்வர் 8 வருடம் ஓடிவிட்டது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அடுத்த பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்கிவிடுவேன். மார்ச்சிலும் தீபாவளிச் சமயத்திலும் கை வைக்காதீர்கள். நாங்கள் பொங்கல் விடுமுறையில் மாற்றினோம், நான்கு நாள் தாராளமாகக் கிடைத்தது. மாற்றிய பிறகு இரண்டு வாரமாவது பழையதை அழிக்காமல் வையுங்கள். எப்போதாவது அதைக் கழிக்கும்போது டிஸ்க்குகளைக் கழற்றி முழுக்க அழித்த பிறகே அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் உங்கள் வாடிக்கையாளர்களின் பாக்கிக் கணக்கு முழுக்க இருக்கிறது.