முக்கிய ஸ்பான்சர் விலகிவிட்டார். பள்ளி ரோபாட்டிக்ஸ் அணியை எப்படித் தொடர்ந்து நடத்துவது?

வட கரோலினாவில் உங்கள் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் (மாணவர்கள் ரோபோ கட்டிப் போட்டியிடும் திட்டம்) அணிக்குப் பாதிச் செலவைக் கொடுத்துவந்த நிறுவனம் விலகிவிட்டது, பெற்றோர் ஆளுக்கு 1,000 டாலர் போட்டால் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டைச் சமாளிக்கலாம். ஆனால் அந்தத் தொகையைக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள். அடுத்த ஆண்டு இதே கேள்வியோடு, இன்னும் சிறிய அணியாக நிற்பீர்கள்.

மிச்சிகனில் ஓர் அணிக்கு நெடுங்காலமாக மென்டராக, அதாவது மாணவர்களுக்கு வழிகாட்டுபவராக இருக்கிறேன். பணம் யாரிடம் பேசி வந்தது, எந்த மாதம் யாருக்குக் கடிதம் போக வேண்டும் என்பதையெல்லாம் மனத்தில் வைத்திருந்த ஒரே ஆசிரியரோ, ஒரே தாயோ விலகிய ஆண்டில்தான் நான் பார்த்த அணிகள் பல சரிந்தன. பிள்ளை பட்டம் வாங்கிப் போகும்போது பெற்றோரும் போய்விடுகிறார்கள். அந்த அறிவு எழுத்தில் இல்லையென்றால் புதிதாக வருபவர் ஒவ்வொரு கதவையும் மறுபடி தட்ட வேண்டியிருக்கும்.

செலவைப் பாருங்கள். பதிவுக் கட்டணமே சுமார் 6,000 டாலர். உங்கள் மாநிலத்திலும் எங்கள் மாநிலத்திலும் உள்ள டிஸ்ட்ரிக்ட் முறையில் (வட்டாரப் போட்டிகளில் ஆடி வட்டார சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெறும் முறை) அதற்குள் இரண்டு போட்டிகள் அடங்கும். மோட்டார், பேட்டரி, அலுமினியம், எல்லாத் திசையிலும் திரும்பும் ஸ்வெர்வ் சக்கரங்கள் என்று ரோபோவுக்கு இன்னும் சில ஆயிரம் டாலர் ஆகும். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த செலவு. அணியின் கணக்கைப் பெரும்பாலும் கவிழ்ப்பது வெற்றிதான்! டிஸ்ட்ரிக்ட் சாம்பியன்ஷிப்பில் நன்றாக ஆடி, ஏப்ரலில் ஹூஸ்டனில் நடக்கும் உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றால் 5,000 டாலருக்குக் குறையாத தனிக் கட்டணம், அதற்கு மேல் விமானம், ஓட்டல், ரோபோவை ஏற்றி அனுப்பும் செலவு. தகுதி பெற்ற நாளுக்கும் போட்டிக்கும் நடுவே பல நேரம் இரண்டு வாரம்கூட இருக்காது. கையிருப்பு இல்லாத அணி அந்த இரண்டு வாரத்தில் கடன் வாங்குகிறது, அல்லது பாதிப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறது. ஒரு பருவத்தின் பதிவுக் கட்டணம் அளவுக்காவது பணத்தைத் தொடாமல் வங்கியில் வைப்பதைப் புதிய மோட்டார் வாங்குவதற்கு முன்னால் செய்யுங்கள். 2027 பருவத்தில் ரோபோவின் கட்டுப்பாட்டுக் கணினியே மாறுகிறது. அதுபோன்ற செலவையும் அந்தக் கையிருப்புதான் தாங்கும்.

ஸ்பான்சர் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: புதியவரைத் தேடும் நேரத்தில் பாதியையாவது ஏற்கெனவே கொடுத்தவர்களுக்குச் செலவிடுங்கள். காசோலை வாங்கிய பிறகு மறுபடி பணம் கேட்கும் நாள்வரை ஒரு வார்த்தையும் பேசாத அணியை எந்த நிறுவனமும் நீண்ட நாள் தாங்காது. போட்டி முடிந்த வாரமே படமும் முடிவும் அனுப்புங்கள். கோடையில் ரோபோவை அவர்கள் தொழிற்கூடத்துக்கே கொண்டுபோய், மதிய உணவு நேரத்தில் ஓட்டிக் காட்டுங்கள். அங்கே மாணவர்கள்தான் பேச வேண்டும். தான் வடிவமைத்த பல்சக்கரப் பெட்டியைப் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு பொறியாளருக்கு விளக்கும்போது நடப்பதை, பெற்றோர் எழுதும் எந்தக் கடிதமும் செய்யாது. நான் பார்த்தவரை, பத்து சிறு ஸ்பான்சர்கள் உள்ள அணி ஒரே பெரிய ஸ்பான்சரை நம்பிய அணியைவிட நீடிக்கிறது. பணமில்லாத உதவியையும் கேளுங்கள். அலுமினியத் தகடு வெட்டித் தரும் பட்டறையிலிருந்து பிற்பாடு ஒரு மென்டர் கிடைப்பதும் உண்டு. நிறுவனங்களை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அணுகுங்கள். ஜனவரியில் போட்டி விதிகள் வெளியாகும் கிக்காஃப் வந்துவிட்டால் யாருக்கும் கடிதம் எழுத நேரமிருக்காது.

நம்மவர்கள் வேலை பார்க்கும் நிறுவனங்கள் சிலவற்றில் ஊழியர் தொண்டு செய்யும் நேரத்துக்கு நிறுவனமே பணம் தருகிறது. மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் ஒரு மணி நேரத்துக்கு 25 டாலர் கொடுக்கிறது. சனிக்கிழமைதோறும் பட்டறையில் நிற்கும் அப்பா அந்த மணிக்கணக்கைப் பதிவு செய்யாமல் விட்டால் அணியின் பணம் வீணாகிறது. உங்கள் பெற்றோர் குழுவில் யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று இந்த வாரமே ஒரு பட்டியல் எடுங்கள்.

இந்தப் பணத்தைப் பெற, பள்ளிக் கணக்கு வழியாகவோ 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதியுள்ள பூஸ்டர் கிளப் (அணிக்கு நிதி திரட்டும் பெற்றோர் அமைப்பு) வழியாகவோ போக வேண்டும். அந்தத் தகுதிக்கு விண்ணப்பிக்க, சிறிய கிளப்புக்கு 1023-ஈஇசட் படிவம் போதும், கட்டணம் 275 டாலர். நிதி திரட்டும்போது ஒரு தவறான வழக்கம் பரவலாக இருக்கிறது. கார் கழுவியோ மிட்டாய் விற்றோ ஒரு பிள்ளை சேர்த்த பணத்தை அந்தப் பிள்ளையின் பயணச் செலவில் மட்டும் கழிப்பார்கள். அப்படிச் செய்த ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப்பின் வரிவிலக்கு ரத்தானதை 2013இல் அமெரிக்க வரி நீதிமன்றம் உறுதிசெய்தது. திரட்டிய பணம் முழு அணிக்கும் பொது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன். ஒரு வீட்டின் வருமானத்தை வைத்து எந்தப் பிள்ளை ஹூஸ்டன் போவது என்று முடிவாகக் கூடாது.

ஒப்படைப்புக் கோப்பு ஒன்றை இப்போதே தொடங்குங்கள். ஸ்பான்சர் ஒவ்வொருவரின் பெயர், தொடர்பாளர், கொடுத்த தொகை, கேட்ட மாதம், அனுப்பிய நன்றிக் கடிதம், வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் எல்லாம் அதில் இருக்கட்டும். பொருளாளருக்கு ஓர் உதவியாளர் வேண்டும், அவர் பிள்ளை ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பில் இருக்க வேண்டும். மாணவர்களிலும் நிதிப் பொறுப்பை இரண்டு வகுப்பினருக்குச் சேர்த்துக் கொடுங்கள்.

உங்கள் பள்ளியில் ஏற்கெனவே பூஸ்டர் கிளப் இருந்தால், புதிய ஸ்பான்சரிடம் போகுமுன் ஐ.ஆர்.எஸ். என்ற அமெரிக்க வரித் துறையின் இணையதளத்தில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்கு மேல் போகாத அமைப்புக்கு 990-என் என்ற மிகச் சிறிய ஆண்டு அறிக்கை போதும். அதை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து விட்டுவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். ரத்தானவர்களின் பட்டியல் தனியே இருக்கிறது, அதிலும் தேடுங்கள்.