ஒரே ஹாப் போட்டா ஏல் சப்புன்னு இருக்குமா? வாசகர் கேள்வி பதில்

கே: கிட் வாங்கி வீட்ல பீர் போட்டுப் பழகிட்டேன், இனிமே முளைகட்டிக் காயவச்ச பார்லி, அதான் மால்ட், அதுலேருந்தே ஏல்ங்கற பீர் வகைய காய்ச்சலாம்னு இருக்கேன். பாக்குற ரெசிபில எல்லாம் நாலஞ்சு வகை ஹாப் இருக்கு. கூட வேலை பாக்குறவர் ஒண்ணே போதும்ங்கறாரு. ஒரே ஹாப்னா சப்புன்னு இருக்காதா?
– வாசகர், க்ராய்டன், இங்கிலாந்து

ப: இருக்காதுங்க, அவர் சொல்றதுதான் சரி. ஹாப்ங்கறது பீருக்கு கசப்பும் வாசமும் குடுக்கிற கொடிப் பூ. அஞ்சு ஹாப்பையும் ஒண்ணா கொட்டி நல்லா வந்துச்சுன்னா எதனால நல்லா வந்துச்சுன்னு தெரியாது, கெட்டுப்போனாலும் எதனாலன்னு தெரியாது. ஒரு மால்ட், ஒரு ஹாப், ஒரு ஈஸ்ட்னு வச்சுக்கிட்டீங்கன்னா அந்த ஹாப்போட குணம் நாக்குல பதிஞ்சிடும், அடுத்த தடவை மத்ததெல்லாம் அப்படியே வச்சுட்டு ஹாப்ப மட்டும் மாத்துங்க, வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்.

முதல்ல எதுன்னு கேட்டா நான் கேஸ்கேட்தான் சொல்லுவேன். அமெரிக்காவுல ஓரிகான் மாநிலம் கார்வாலிஸ்ல அரசு விவசாயத்துறை வளர்த்தெடுத்து 1972ல வெளியிட்ட ரகம், உங்க ஊரு ஃபகிள் ஹாப்போட வம்சம்தான். 1975ல வந்த ஆங்கர் லிபர்ட்டி ஏல், 1980ல வந்த சியரா நெவாடா பேல் ஏல் ரெண்டுலயும் தூக்கலா அடிக்கிற வாசம் இதோடதுதான். ஒரு பெல்லட்ட (ஹாப்ப பொடிச்சு அழுத்தின குளிகை) எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு நல்லா தேச்சு மோந்து பாருங்க, பச்சைத்தூள் கையில பிசுபிசுன்னு ஒட்டும், முதல்ல பம்ப்ளிமாஸ் தோல் வாசம், கொஞ்சம் பின்னாடியே பூவாசம். இதுல கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா ஆசிட் பொதுவா 4.5லேருந்து 7 சதவீதத்துக்குள்ளதான் இருக்கும், அதனால எடைல ரெண்டு கிராம் கூடக்குறைய ஆனாலும் கசப்பு எகிறாது. சிட்ரா மாதிரி 11, 12 சதவீதத்துக்கு மேல போற ஹாப்ல அந்த சலுகை கிடையாது. உங்களுக்கு பப்ல கிடைக்கிற பிட்டர்ங்கற ஏல்தான் பிடிக்கும்னா கேஸ்கேட்ட விட்டுட்டு ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் வாங்குங்க, அதுவும் ஒத்தையா நிக்கக்கூடிய ஹாப்.

கே: ஒரே ஹாப்ப ஏன் மூணு நாலு தடவையா பிரிச்சு போடச் சொல்றாங்க? மொத்தமா போட்டா ஆகாதா? 20 லிட்டருக்கு அளவும் சொல்லுங்க.
– வாசகி, மில்டன் கீன்ஸ்

ப: ரசம் நுரை கட்டினதும் இறக்கிடுறோம்ல, கொதிக்க விட்டா வாசம் போயிடும்னு, ஹாப்லயும் அதே கதைதான். ஆனா இதுல கொதிக்க விடவும் வேணும். ஆல்ஃபா ஆசிட் கொதிச்சு ஐசோ ஆல்ஃபா ஆசிடா மாறினாதான் கசப்பு ஏல்ல இறங்கும், அதுக்கு நல்லா நேரம் பிடிக்கும். வாசம் குடுக்கிற எண்ணெயோ ஆவியோட பறந்துடும், அதுல மிர்சீன்ங்கற எண்ணெய் எல்லாம் நிக்கவே நிக்காது. அதான் முதல்ல போடுறது கசப்புக்கு, நடுவுல போடுறது ருசிக்கு, கடைசில போடுறது வாசத்துக்கு.

அளவு இதோ. மாரிஸ் ஆட்டர் மால்ட் நாலரை கிலோ, 66 டிகிரி தண்ணில ஒரு மணி நேரம் ஊறணும். தண்ணில குளோரின் இருந்தா ஏல்ல மருந்து வாடை வந்துடும், அதனால பாதி கேம்ப்டன் மாத்திரைய நசுக்கி முன்னாடியே தண்ணில போட்டுடுங்க. வடிச்ச மால்ட் சாறு, அதான் வோர்ட், அத ஒரு மணி நேரம் கொதிக்க விடணும். கொதி வந்ததும் கேஸ்கேட் 30 கிராம், அந்த நிமிஷம் நுரை குபுகுபுன்னு பொங்கும், அடுப்ப விட்டு நகரவே நகராதீங்க. முடிய 15 நிமிஷம் இருக்கறப்போ 25 கிராம், 5 நிமிஷம் இருக்கறப்போ இன்னொரு 25. ஆல்ஃபா 6 சதவீதம்னு வச்சுக்கிட்டா கசப்பு 33 ஐபியூ (கசப்ப அளக்குற அலகு) கிட்ட வரும். 20 டிகிரிக்கு ஆறவச்சு யூஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பாக்கெட், ஆரம்ப கிராவிட்டி (தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி) 1.048 பக்கம் இருக்கும், 1.010 பக்கத்துல வந்து நிக்கும், அப்போ ஆல்கஹால் அஞ்சு சதவீதம். நொதிச்சு அடங்கினதும் 50 கிராம் ஹாப்ப கொதிக்க வைக்காம அப்படியே ஏல்ல போடுங்க, இதான் ட்ரை ஹாப், மூணு நாள் போதும், அதுக்கு மேல விட்டா புல்லு வாடை அடிக்கும்.

கே: போன வருஷம் போட்ட அதே ரெசிபிதான், அதே ஹாப்தான், இந்த தடவை கசப்பு தூக்கலா இருக்கு. ஏன்?
– வாசகர், லெஸ்டர்

ப: பாக்கெட்ட திருப்பிப் பாருங்க, ஆல்ஃபா சதவீதம் போட்டிருப்பாங்க. ஹாப் கொடில காய்க்கிறது, வெயிலுக்கும் மழைக்கும் தக்கபடி வருஷா வருஷம் மாறும். போன தடவை 6 சதவீதத்துல 30 கிராம் போட்டிருந்து இப்போ வாங்கினது 7.5னா 30ஐ 6ஆல பெருக்கி 7.5ஆல வகுங்க, 24 கிராம்தான் வேணும். நிறைய பேரு கிராம மட்டும் எழுதி வச்சுட்டு ஆல்ஃபாவ எழுதாம விட்டுடறாங்க, ரெசிபி நோட்டுல இது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். மிச்ச ஹாப்ப காத்து போகாம கட்டி ஃப்ரீசர்ல வைங்க, வெளில கிடந்தா ஆல்ஃபா குறையும், சீஸ் நாத்தம் வரும்.

கே: பாட்டில்ல சர்க்கரை எவ்ளோ போடணும்? பாட்டில் வெடிக்கும்னு பயமுறுத்துறாங்க.
– வாசகர், ஹாரோ

ப: பயம் நியாயமானதுதான். நொதிச்சு முடியாத ஏல பாட்டில்ல அடைச்சாலோ சர்க்கரை கூடினாலோ நிஜமாவே வெடிக்கும். ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டு கிராவிட்டி பாருங்க, நம்பர் மாறாம நின்னாதான் அடைக்கணும். லிட்டருக்கு 5லேருந்து 6 கிராம் சர்க்கரை, தண்ணில கரைச்சு கொதிக்கவச்சு ஆறவச்சு மொத்த ஏல்லயும் கலந்துட்டு அடைங்க, பாட்டில் பாட்டிலா ஸ்பூன்ல போட்டா ஒண்ணுல கூடும் ஒண்ணுல குறையும். பாட்டில் பிரவுன் கலரா இருக்கட்டும், வெளிச்சம் பட்டா ஹாப் கசப்பு கெட்டு துர்நாத்தம் வரும்.

கே: காய்ச்சி முடிச்ச ஹாப் சக்கைய செடிக்கு உரமா போடலாமா?
– வாசகி, போர்ட்லாந்து, ஓரிகான்

ப: நாய் இல்லாத வீடுன்னா தாராளமா போடுங்க. நாய் இருந்தா வேணவே வேணாம், ஹாப்ப தின்னா நாய்க்கு உடம்பு சூடு கண்டபடி ஏறி உயிரே போயிடலாம், காய்ச்சின சக்கையும் ஆபத்துதான். மூடி போட்ட குப்பைத்தொட்டில போட்டுடுங்க. தின்னுடுச்சுன்னு சந்தேகம் வந்தாலே உடனே மிருக டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

கே: கோயம்புத்தூர்ல எங்க வீட்டு மொட்டைமாடில இத செஞ்சு பாக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: கூடாதுங்க. 1937ம் வருஷத்து மதுவிலக்கு சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தமிழ்நாட்டுல மது தயாரிக்கிறது குத்தம், வீட்டுக்குன்னு காய்ச்சினாலும் குத்தம்தான். இங்கிலாந்துல 1963லயே லைசென்ஸ் வேணாம்னு எடுத்துட்டாங்க, அங்கயும் சொந்தமா குடிக்கத்தான், விக்கக்கூடாது.