250 பத்திரிகைக்கு ஆஃப்செட்டா, டிஜிட்டலா? அச்சு வேலை பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். 250 பத்திரிகை போதும். சிவகாசியில் ஆஃப்செட்டில் அடித்தால் மலிவு என்கிறார் மைத்துனர். ஜங்ஷன் பக்கத்துக் கடையில் டிஜிட்டலே போதும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: மைத்துனர் சொல்வது ஆயிரக்கணக்கில் அடித்தால் சரி, 250-க்குச் சரிவராது. காரணம் பிளேட்.

ஆஃப்செட்டில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக அச்சுப் படம் பதித்த நான்கு அலுமினியப் பிளேட் போட வேண்டும். பிளேட்டில் உள்ள மை முதலில் ரப்பர் பிளாங்கெட்டில் இறங்கி, அதிலிருந்து தாளுக்கு வரும். நான்கு நிறமும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும், மையும் தண்ணீரும் அளவுக்கு வர வேண்டும். அதற்குள் நூறு தாளாவது வீணாகிவிடும். நீங்கள் நூறு கேட்டாலும் பத்தாயிரம் கேட்டாலும் இந்தச் செலவு மாறாது.

டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது. லேசர் ஒளி டிரம்மின்மேல் படத்தை மின்னூட்டமாக வரைகிறது. டோனர் என்னும் மைத்தூள் அதில் ஒட்டி, தாளுக்கு மாறி, சூடான உருளையில் உருகிப் பிடித்துக்கொள்கிறது. முதல் தாளே நல்ல தாளாக வரும். ஆனால் ஆயிரமாவது தாளுக்கும் முதல் தாளுக்கு ஆன அதே செலவுதான்.

கடைக்காரரிடம் மூன்று தொகை கேளுங்கள்: ஆஃப்செட்டின் பிளேட்டும் செட்டிங்கும் சேர்ந்த செலவு, அதன்பின் ஒரு தாளுக்கு ஆகும் செலவு, டிஜிட்டலில் ஒரு தாளுக்கு ஆகும் செலவு. கணக்குப் புரிவதற்காக ஒரு உதாரணம்: முதல் தொகை 4,500 ரூபாய், ஆஃப்செட் தாள் 5 ரூபாய், டிஜிட்டல் தாள் 20 ரூபாய் என்று வைத்தால், வித்தியாசம் 15 ரூபாய். 4,500-ஐ 15-ஆல் வகுத்தால் 300. அதாவது 300 தாளுக்குக் கீழே டிஜிட்டல் லாபம், மேலே ஆஃப்செட் லாபம். இங்கே தாள் என்பது பத்திரிகை அல்ல. 12-க்கு 18 அங்குல டிஜிட்டல் தாள் ஒன்றில் 5-க்கு 7 அங்குலப் பத்திரிகை நான்கு அடங்கும். உங்கள் 250 பத்திரிகைக்கு 63 தாள் போதும். சிவகாசியிலிருந்து பார்சல் வரும் செலவையும் மறக்காமல் சேருங்கள்.

ஆனால் நீங்கள் எந்தக் கார்டு எடுக்கப்போகிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளையார் படமும் தங்க ஃபாயிலும் போட்டு வரும் ரெடிமேட் கார்டு என்றால், உள்ளே வாசகம் மட்டும்தான் அடிக்க வேண்டும். அதற்கு வலைத்துணி வழியே மையைத் தள்ளி அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் நல்லது. சொரசொரப்பான தாளிலும் மினுமினுப்புத் தாளிலும் டோனர் பள்ளங்களில் இறங்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கும். ஸ்கிரீன் மை கனமாக உட்காரும், தங்க மையிலும் அடிக்கலாம். சாதாரண நான்கு நிற டிஜிட்டலில் தங்க நிறம் கேட்டால் கடுகு நிறம்தான் வரும். இதைக் கண்ணாடி அலமாரியில் மாட்டியிருக்கும் மாதிரியைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் கார்டிலேயே ஒன்று அடிக்கச் சொல்லிப் பாருங்கள். மணமக்கள் படத்தோடு முழு வண்ணத்தில் சொந்த டிசைன் என்றால் டிஜிட்டலுக்கே போகலாம்.

ஒரு பத்திரிகையின் நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சளைத் தடவிக் காயவைத்தும் பாருங்கள். டோனரும் ஸ்கிரீன் மையும் அசையாது. சில சிறு கடைகளில் இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்துவிட்டு அதையும் டிஜிட்டல் என்றே சொல்வார்கள். அந்த மை தண்ணீர்ப் பசையாக இருந்தால் மஞ்சளோடு கலங்கி ஓடிவிடும்.

கேள்வி: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டில் டிஜிட்டலில் மடிப்புக் கார்டு அடித்தோம். மடித்த இடமெல்லாம் வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது. கரும்பச்சை நிறமும் திட்டுத்திட்டாக இருக்கிறது. இயந்திரக் கோளாறா?
– தென்காசி வாசகர்

பதில்: மடிப்பு வெடித்ததற்கு இயந்திரம் காரணமில்லை, செய்முறைதான் காரணம். ஆஃப்செட் மை மெல்லிய படலம். டோனர் அப்படியில்லை, உருகிய பிளாஸ்டிக்காகத் தாளின் மேலேயே நிற்கிறது. கனத்த அட்டையை நேரே மடித்தால் அந்தப் படலம் உடையும். 170 ஜிஎஸ்எம்முக்கு மேல் எதுவானாலும் முதலில் மடிப்புக் கோட்டை அழுத்திப் பள்ளமாக்கும் கிரீசிங் போட்டு, பிறகுதான் மடிக்க வேண்டும். தாளின் நார் ஓட்டமும் மடிப்புக் கோடும் ஒரே திசையில் இருக்க வேண்டும். திசை தெரிய அதே தாளில் ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள்: நார் ஓட்டத்தில் நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகப் போகும். மடிப்பு விழும் இடத்தில் அடர்நிறம் வராமல் டிசைனை மாற்றினால் பாதித் தொல்லை தீரும். வெளிப்பக்கம் மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம்) போட்டால் இன்னும் தாங்கும். ஆனால் டிஜிட்டலுக்கென்று உள்ள ஃபிலிம்தானா என்று கேளுங்கள். சாதாரண ஃபிலிம் டோனர்மேல் சரியாக ஒட்டாமல் குமிழ்விட்டு உரியும்.

திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஈரத்தாள். சாரல் காலத்தில் பிரித்துப் போட்ட ரீம் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். ஈரத்தாளுக்கு டோனர் சீராக மாறாது, தாளும் சுருளும். புதுக்கட்டுப் பிரித்து அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: செல்போனில் பளிச்சென்று இருந்த நிறம் அச்சில் மங்கிவிட்டது. தமிழ் எழுத்துகளும் சில இடத்தில் உடைந்து வந்தன.
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. பளீர்ப் பச்சை, மின்னும் நீலம், ஆரஞ்சு மூன்றும் நான்கு நிற மைக்கு எட்டாது. அச்சு முறையை மாற்றினாலும் ஓரளவுதான் சரியாகும். படம் தெளிவில்லாமல் போக ஒரு காரணம், அதை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புவது. அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும், பின்னணி நிறத்தை நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியும்.

எழுத்து உடைவது ஃபான்ட் கோளாறு. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை வருவதற்கு முந்தைய பழைய தமிழ் ஃபான்ட்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கடையில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறும். ஃபான்ட்டை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகவோ, எழுத்தைக் கர்வ் (கோட்டு வடிவம்) ஆக மாற்றியோ கொடுங்கள். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘ணை’, ‘றை’ வரும் பெயர்களைப் புரூஃபில் (அச்சுக்கு முன் தரும் மாதிரியில்) தனியாகப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் அல்வா செய்து விற்கிறேன். 300 ஸ்டிக்கர் வேண்டும். போன தடவை அடித்ததில் நெய் ஊறி எழுத்தே தெரியவில்லை.
– திருநெல்வேலி டவுண் வாசகி

பதில்: போன தடவை அடித்தது சாதாரணத் தாள் ஸ்டிக்கராக இருந்திருக்கும். நெய் பட்டால் தாள் கண்ணாடிபோல் ஆகிவிடும், எந்த முறையில் அடித்தாலும் இதுதான் நடக்கும். இந்தத் தடவை பிபி ஃபிலிம் (நெய் ஊறாத பிளாஸ்டிக் தாள்) ஸ்டிக்கரில் டிஜிட்டலாக அடித்து, மேலே லேமினேஷன் போடச் சொல்லுங்கள். 2 அங்குல வட்டம் என்றால் 12-க்கு 18 தாளில் இடைவெளி விட்டு 35 அடங்கும். 300-க்கு 9 தாள், வெட்டும்போது கெடுவதற்கு ஒன்று சேர்த்து 10 தாள். இவ்வளவுக்கு ஆஃப்செட்டை நினைக்கவே வேண்டாம். தயாரித்த தேதி, பேட்ச் எண் இரண்டையும் அச்சில் போடாமல் கட்டம் மட்டும் விடுங்கள். லேமினேஷன்மேல் ரப்பர் ஸ்டாம்ப் மை நிற்காது, அழியாத மார்க்கரால் எழுதலாம். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணை இரண்டு பேராக இருந்து சரிபாருங்கள்.

கேள்வி: புரூஃபில் சரியாக இருந்த முகூர்த்த நேரம் அச்சில் தப்பாக வந்திருக்கிறது. கடைக்காரர் பணம் தர மறுக்கிறார்.
– வள்ளியூர் வாசகர்

பதில்: நீங்கள் ஒப்புதல் கொடுத்த புரூஃபும் பில்லும் கையில் இருந்தால் வழக்கு உங்கள் பக்கம். புரூஃபிலேயே தப்பு இருந்து நீங்கள் சரி என்று சொல்லியிருந்தால் பணம் கேட்பது கடினம். முதலில் எழுத்தில் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. தப்பான பத்திரிகையில் குறைந்தது பத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: கோயில் கொடைக்கு வரி ரசீது 40 புத்தகம் வேண்டும். டிஜிட்டலில் நம்பரும் சேர்த்து அடிக்கலாமாமே?
– களக்காடு வாசகர்

பதில்: அடிக்கலாம். ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு எண் போடுவது டிஜிட்டலுக்கு எளிது. ஆனால் 100 ரசீது வீதம் 40 புத்தகம் என்றால் 4,000 ரசீது. ஒரே நிறத்தில் மினி ஆஃப்செட்டில் (சிறிய ஆஃப்செட் இயந்திரத்தில்) அடித்து, நம்பரிங் மெஷினில் எண் போட்டுக்கொள்வது மலிவு. வாங்கும்போது எல்லாப் புத்தகத்தின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பாருங்கள். நடுவில் ஐந்தாறு இடத்தில் அடிக்கட்டை எண்ணும் ரசீது எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரு எண் இரண்டு தடவை விழுந்திருந்தால் அந்தப் புத்தகத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.