ஈஸ்ட் இல்லாத ரொட்டிக்கு மாவு மெஷின் வாங்கலாமா?

நுகர்வோர் கேள்வி-பதில்

வீட்டில் அரைத்த மாவில் பிரெட் செய்வது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வாரம் ஒருமுறை சமையல் சோடா போட்டு, ஈஸ்ட் இல்லாமல் கோதுமை பிரெட் செய்கிறேன். அன்றன்று அரைத்த மாவில் செய்தால் மணமே வேறு என்கிறார்கள். இதற்காக வீட்டு உபயோக மாவு மெஷின் வாங்கலாமா? இருபதாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். – வாசகி, ஈரோடு

பிரெட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். வாரத்துக்கு 300 கிராம் மாவு என்றால் வருடத்துக்குப் பதினாறு கிலோவைத் தாண்டாது. மில்லில் அரைவைக் கூலி கிலோவுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 160 ரூபாய். போட்ட இருபதாயிரத்தை மீட்க 125 ஆண்டு ஆகும்; உங்கள் பேத்தியின் பேத்திதான் லாபம் பார்ப்பாள். சப்பாத்திக்கும் சேர்த்து மாதம் பத்து கிலோ அரைக்கிற வீட்டுக்கே பதினாறு பதினேழு ஆண்டுக் கணக்கு வருகிறது, மின்கட்டணத்தைச் சேர்க்காமல். பக்கத்தில் மில்லே இல்லாதவர்கள் வாங்குவதில் நியாயம் உண்டு. ஈரோட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

மணம் வேறு என்பது உண்மைதான். கோதுமையின் முளைக்கருவில் எண்ணெய் இருக்கிறது. மணியாக இருக்கும்வரை அது பத்திரம். அரைத்துவிட்டால் காற்றும், தானியத்திலேயே உள்ள நொதிகளும் அதைக் கெடுக்கத் தொடங்கும். நாள் போகப் போகச் சிக்கு வாடையும் கசப்பும் சேரும். இதைத் தவிர்க்கப் புது மாவு போதும். மெஷின் யாருடையது என்று பிரெட் கேட்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்து வாருங்கள். மிஞ்சினால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மில்லில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மிளகாய்க்குத் தனி இயந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது கோதுமை அரைத்து முடிக்கும் நேரமாகப் பார்த்து அவருக்குப் பின்னால் நில்லுங்கள். முன்னால் அரைபட்டது கம்போ அரிசியோ என்றால், உங்கள் கோதுமையில் முதல் ஒரு பிடி மாவைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சப்பாத்திக்கு அரைப்பதைவிட நைஸாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாவு கை பொறுக்காத சூட்டில் வந்து விழும். அப்படியே தூக்குவாளியை மூடி எடுத்து வந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். அந்த ஈரம்தான் கட்டிக்கும் பூஞ்சைக்கும் வண்டுக்கும் தொடக்கம். வீட்டுக்கு வந்ததும் சுத்தமான வேட்டியில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள்.

ஒரே ஒரு பிரெட்டுக்கு என்றால் மிக்ஸியே போதும். நன்கு காய்ந்த ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இடையிடையே நிறுத்தி அரைத்துச் சலியுங்கள். சல்லடையில் நிற்கும் குருணையை அடுத்த ஈட்டில் சேர்த்துவிடலாம். எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம் என்பது மிக்ஸியோடு வந்த கையேட்டில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை என்பது மெக்கானிக்குகளின் பாக்கியம்.

செலவழித்தே தீருவேன் என்றால் சமையலறைத் தராசு வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். மில்லிலிருந்து வந்த மாவு பொலபொலவென்று இருக்கும். டப்பாவில் கிடந்தால் அமுங்கிவிடும். அதே கப்பால் அள்ளினாலும் எடை மாறும். ஒரு வாரம் நன்றாக வந்த பிரெட் மறுவாரம் வறண்டு போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சம்பா கோதுமை, பஞ்சாப் கோதுமை, ஷர்பதி என்று கடையில் மூன்று விலை சொல்கிறார்கள். சோடா பிரெட்டுக்கு எது? ரேஷன் கோதுமை ஆகாதா? – வாசகர், கோவை

ஈஸ்ட் பிரெட்டுக்குத்தான் மாவில் இழுவை வேண்டும். ஈஸ்ட் மெதுவாக வெளிவிடும் வாயுவை மணிக்கணக்கில் பிடித்துவைக்க அந்தப் பசை தேவை. சோடா பிரெட்டில் வாயு நிமிடங்களில் கிளம்பி, ஓவனின் சூட்டிலேயே மாவு இறுகிவிடுவதால், இழுவை கூடினால் ரப்பராகிவிடும். அரைத்த உடனே மாவில் இழுவை குறைவாக இருக்கும்; சில வாரம் காற்றுப்பட்டால் கூடும். அந்தக் காத்திருப்பைச் சுருக்கத்தான் ரொட்டி மாவில் பொட்டாசியம் புரோமேட் சேர்த்துவந்தார்கள். 2016இல் நம் நாட்டில் அதைத் தடை செய்தார்கள். ஆக, புது மாவுக்குச் சோடா பிரெட்தான் சரியான ஜோடி. அயர்லாந்திலும் இதே கதைதான். அங்கே விளையும் கோதுமை இழுவை குறைந்தது. 1830களில் சோடா புழக்கத்துக்கு வந்தபின் மோரும் சோடாவும் சேர்த்த ரொட்டியே சாதாரண வீடுகளின் அன்றாட உணவானது.

சம்பா நீளமாக, சற்றுச் சிவந்து இருக்கும். கர்நாடகத்தில் ஜவெ கோதி, மகாராஷ்டிரத்தில் கப்ளி என்று விற்பதும் இந்த இனம்தான். இழுவை குறைவு, மணம் அதிகம். ஆனால் இதை மட்டும் போட்டால் பிரெட் துண்டு போடும்போது உதிரும். பஞ்சாப் கோதுமையோடு பாதிக்குப் பாதி கலந்து அரையுங்கள். ஷர்பதி மத்தியப் பிரதேசத்தின் சீஹோர் பக்கத்துச் சரக்கு. மிருதுவான சப்பாத்திக்குப் பேர் போனது. கீழே செய்முறை சொல்லியிருக்கிற, வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் சேர்ந்த பிரெட்டில் அந்த ருசியை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கூடுதல் விலை வீண்.

ரேஷன் கோதுமை தாராளமாக ஆகும். முறத்தில் புடைத்து, கல்லும் தூசியும் எடுத்துவிட்டு, ஒரு பிடியை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பூசண வாடை இருந்தால் கழுவிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது கோழிக்கும் வேண்டாம்.

என் மகனுக்கு சீலியாக் நோய்; கோதுமை துளியும் ஆகாது. ராகியும் சோளமும் மில்லில் அரைத்து பிரெட் செய்யலாமா? – வாசகி, திண்டுக்கல்

கூடாது. பொது மில்லில் முன்னால் அரைத்த கோதுமை மாவு கல்லிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும். ஒரு பிடியை ஒதுக்குவது சுவைக்குப் போதும், இந்த நோய்க்குப் போதாது. முதல் கேள்விக்கு மெஷின் வேண்டாம் என்றேன். உங்களுக்கு மட்டும் வாங்கச் சொல்வேன். புதிதாகவே வாங்குங்கள், பிறர் பயன்படுத்தியது வேண்டாம். அதில் ஒருநாளும் கோதுமை இறங்கக் கூடாது.

மில் மாவில் செய்த பிரெட் அடியில் களிபோல நிற்கிறது, மேலே உதிர்கிறது. சில சமயம் சோப்பு வாடை. என்ன தவறு? – வாசகி, நெய்வேலி

மூன்றுக்கும் மூன்று காரணம். தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். கலந்த கையோடு ஓவனில் வைத்தால் ஊறாத தவிடு உள்ளே போய் உதிரவைக்கும். அடியில் களியாக நிற்பது வேகாததால். மேலே நிறம் வந்ததை நம்பி எடுத்திருப்பீர்கள். சோப்பு வாடை, சோடா கூடியதற்கு அல்லது புளிப்பு போதாததற்கு அடையாளம்.

இப்படிச் செய்து பாருங்கள். தோல் கறுத்த ரோபஸ்டா வாழைப்பழம் மூன்றை மசித்து, புளித்த கெட்டித் தயிர் 100 மில்லி, எண்ணெய் 60 மில்லி, கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து, 250 கிராம் மாவைக் கொட்டிக் கிளறி அரை மணி நேரம் மூடி வையுங்கள். சோடாவை இப்போது போடக் கூடாது. தயிரைத் தொட்ட கணமே நுரைக்கத் தொடங்கி, ஊறும் நேரத்துக்குள் தன் பலத்தைச் செலவழித்துவிடும். ஓவன் 175 டிகிரிக்குச் சூடான பிறகு, 100 கிராம் நாட்டுச் சர்க்கரையில் முக்கால் தேக்கரண்டி சோடாவைக் கட்டியில்லாமல் கலந்து மாவில் தூவி, வெள்ளைத் திட்டு மறையும்வரை மட்டும் கிளறி, எண்ணெய் தடவிய டின்னில் ஊற்றி உடனே உள்ளே வையுங்கள். ஐம்பதிலிருந்து அறுபது நிமிடம். நடுவில் குத்திய குச்சி ஈரமில்லாமல் வர வேண்டும். ஆறும்வரை கத்தியை எடுக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கடினமான கட்டம் இதுதான்.

சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றா? – வாசகர், காரைக்குடி

இல்லை. பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்பு உப்பும் மாவுப்பொருளும் கலந்திருக்கும். தயிர் இல்லாமலே வேலை செய்யும், அளவு அதிகம் வேண்டும். பழையதா என்று பார்க்க, பவுடரை வெந்நீரிலும் சோடாவை எலுமிச்சைச் சாற்றிலும் போடுங்கள். சுறுசுறுவென்று பொங்க வேண்டும். மளிகைக் கடையில் வெறுமனே ‘சோடா’ என்று கேட்காதீர்கள். ஆப்ப சோடா அல்லது சமையல் சோடா என்று கேளுங்கள். சலவைச் சோடா வேறு பொருள், வயிற்றுக்குள் போகக் கூடாதது.

இத்தனை பாடு எதற்கு, கடையில் பிரவுன் பிரெட் வாங்கினால் போதாதா? – வாசகர், தாம்பரம்

போதுமா என்பதை உறையின் பின்பக்கம் சொல்லும். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வருகிற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் சுத்திகரித்த கோதுமை மாவு என்று இருந்தால் அது மைதா. பழுப்பு நிறம் கேரமல் நிறமியாலும் வரும். முன்பக்கம் ‘கோதுமை’, ‘பலதானியம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது எத்தனை சதவீதம் என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை.

மாவு மெஷின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பத்து நிமிடத்தில் மோட்டார் சூடாகி நின்றுவிடுகிறது. கடைக்காரர் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டி, கம்பெனியிடம் போகச் சொல்கிறார். அக்கம்பக்கத்தாருக்கும் கூலிக்கு அரைத்துக் கொடுக்கிறேன். – வாசகி, மதுரை

முதலில் ஒன்று. கோதுமையைக் கழுவி, அரைகுறையாகக் காயவைத்து அரைக்கிறீர்களா? ஈர மாவு சல்லடைத் தகட்டை அடைத்து மோட்டாரைத் திணறவைக்கும். கடித்தால் ‘டக்’கென்று உடைகிற காய்ந்த கோதுமையைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நின்றால், கடிகாரம் தெரியும்படி வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் அச்சிட்ட அந்த வரி, பழுதான பொருளுக்குக் கேடயம் ஆகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)இன்படி, பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. இன்றே கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ எழுதுங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கூலிக்கு அரைக்கிறீர்கள் என்பதுதான் இடிக்கிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார். சுயதொழிலாக, பிழைப்புக்கென்றே பயன்படுத்துபவருக்கு விலக்கு இருக்கிறது. வீட்டுக்கு வாங்கி, இடையில் நாலு பேருக்கு அரைத்துக் கொடுப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும்; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். வீட்டு உபயோக மெஷினின் வாரண்டி அட்டையிலும் வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்ற வரி இருக்கக் கூடும், எடுத்துப் படியுங்கள். தகராறு தீரும்வரை கூலி அரைவையை நிறுத்திவையுங்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.